பல்கலைக்கழகத்தின் காவலில்

கிள்ளானில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புறம்போக்கு நிலத்தில் பலகை வீடுகள் நெருக்கியடித்து நின்ற, நாங்கள் கம்பம் என்று சொல்கிற ஒரு குடியிருப்பில்தான் எண்பதுகளின் முதல் பாதி முழுவதும் நான் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை இந்த வேலைக்கு ஆயா வேலை என்று பெயர். இடத்துக்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். தோட்டம் கைமாறி, நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, பால்மரம் வெட்டிய பெண்கள் எல்லாம் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியதும், கோயில் கமிட்டி ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு அதற்குச் 'சமூகப் பாலர் பராமரிப்பு நிலையம்' என்று பெயர் சூட்டியது. நான் டீச்சர் ஆனேன். மூக்கைத் துடைப்பதும் பீ கழுவுவதும் மட்டும் அப்படியே இருந்தன.

விடிவதற்குள் தொழிற்சாலை வேன் வந்து ஹாரன் அடிக்கும். தாய்மார்கள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, சீருடைப் பொத்தானைப் போட்டபடியே ஓடுவார்கள். கைக்குழந்தைகள் சாரோங் தொட்டிலில் ஆடும். நடக்கிற பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து மைலோவில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுப்பேன். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. என் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ள, உட்கார், எழுந்திரு, சாப்பிட வா, படு என்று எல்லாவற்றுக்கும் கையால் ஜாடை வைத்திருந்தேன். பிள்ளைகளும் என் வாயைப் பார்ப்பதை விட்டுக் கையைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பிள்ளைகளில் லோரிக்காரரின் மகளும் ஒருத்தி. அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. என்னிடம் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஒரு கடும் காய்ச்சல் வந்ததாம். அதற்கு முன்பு 'ம்மா' என்றும் பூனையைப் பார்த்து 'பூன' என்றும் சொல்லிக்கொண்டிருந்தவள், காய்ச்சல் இறங்கியதிலிருந்து வாயே திறக்கவில்லை. லேட்டாகப் பேசுகிற பிள்ளைகள் எங்கள் கம்பத்தில் எத்தனையோ பேர். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அவள் அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் நேராக இங்கே வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்பாள்.

"டீச்சர், இன்னிக்கி ஏதாச்சும் பேசுனாளா?"

"இல்லம்மா. ஆனா நல்லா வெளாண்டா."

"அம்மான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் டீச்சர். அப்புறம் ஊமையா இருந்தாக்கூட நான் ஒன்னும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் அவள் சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். மகள் தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும்; அதற்குமேல் அவளுக்கு ஒரு ஆசையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யுனிவர்சிட்டி வந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு காரில் ஒரு விரிவுரையாளர் அம்மாவும் இரண்டு மாணவிகளும் வந்து இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம். எங்களைப் போன்ற நிலையங்களோடு கைகோத்து வேலை செய்யப் போகிறார்களாம். அந்த அம்மா கோலாலம்பூரிலேயே பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். எங்கள் சேற்றில் நடந்துவந்தும் சேலையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. ஆமாம் என்பதற்கு அவர் 'ஓம், ஓம்' என்று தலையாட்டும்போதெல்லாம், சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து என் பிள்ளைகள் கை கூப்பின. மாணவிகள் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். படித்து வாங்கிய பட்டம் அது. எங்கள் கம்பத்துக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்லித் தருவது? டாக்டர் என்றால் எங்களுக்கு ஒரே டாக்டர்தான். முதல் நாளே ஒருவர் கைலியைத் தூக்கித் தன் முழங்கால் வீக்கத்தைக் காட்டினார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அரசாங்க அதிகாரி ஒருவரும் வந்திருந்ததால் பேச்செல்லாம் மலாயில் நடந்தது. டாக்டர் அம்மா அதிகாரியைக் காரில் ஏற்றிவிட வெளியே போன நேரத்தில், மாணவிகளில் ஒருத்தியான மலாய்ப் பெண் மீதியை விளக்கினாள். இந்த ஆராய்ச்சியில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸில், இன்னொன்று இங்கே. இந்த இடம் 'கவாலான்' நிலையமாக இருக்கும் என்றாள்.

மலாயில் 'கவால்' என்றால் காவல். நம்முடைய சொல்தான் கப்பலேறிப் போய் அங்கே தங்கிவிட்டது என்பார்கள். தொழிற்சாலை வாசலில் தொப்பி போட்டு நிற்கிற காவலாளிக்கு 'பெங்கவால்' என்று பெயர். அப்படியிருக்க, கவாலான் என்றால் வேறென்ன? கமிட்டித் தலைவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எழுந்து நின்று, தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, தமிழில் அறிவித்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னையிலேருந்து நம்ம நெலையம் யுனிவர்சிட்டியோட காவல்ல இருக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இன்னொரு எடம் இருக்காம், இருந்துட்டுப் போகட்டும். காவல்னு சொன்னது நம்மளத்தான் லா!"

மண்டபமே கைதட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன். தோட்டத்திலும் சரி, இந்தக் கம்பத்திலும் சரி, எங்களைக் காவல் காக்கிறேன் என்று அதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. டாக்டர் அம்மா திரும்பி வந்தபோது நாங்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தோம். அவரும் சிரித்துக்கொண்டே சேர்ந்து தட்டினார்.

அடுத்த வாரமே தலைவர் பெயர்ப்பலகையில் ஒரு வரி சேர்த்தார். 'பல்கலைக்கழகத்தின் காவலில் உள்ளது' என்று சிவப்புச் சாயத்தில், கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னார். டாக்டர் அம்மா அதற்குப் பிறகு வந்தபோது அந்தப் பலகைக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றினார். அவர் அதை வாசித்தாரா, வாசித்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் பள்ளியில் படித்த பலரைப் போல அவருக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரிந்ததோ என்னவோ. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

வருஷத்துக்கு ஒரு தடவை வந்தார்கள். பிள்ளைகளை நிறுத்தி உயரம் அளந்தார்கள், நிறை பார்த்தார்கள், தலையைச் சுற்றி நாடா பிடித்தார்கள். படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். வண்ண வண்ண மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்கள். அந்தக் கட்டைகள் மேல் பிள்ளைகளுக்கு உயிர். வேலை முடிந்ததும் மாணவிகள் கட்டைகளை எண்ணிப் பையில் போட்டுக்கொள்ளும்போது பிள்ளைகள் தரையில் புரண்டு அழும். ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன்.

"டாக்டர், ஒரு செட்டு மட்டும் வச்சிட்டுப் போங்களேன். நான் பத்திரமா பாத்துக்கிறேன்."

"இல்லை அக்கா. நீங்கள் எப்பவும் போலச் செய்யுங்கோ. ஒண்டையும் மாத்த வேண்டாம்."

எப்பவும் போல. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். படித்த பெரிய மனுஷி, என் வேலையில் மாற்ற ஒன்றுமில்லை என்கிறாரே என்று பூரித்துப்போய், வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லிக் காட்டினேன்.

அரசாங்க கிளினிக்கிலிருந்து ஒரு மிஸி சைக்கிளில் வந்தார். எங்கள் பக்கம் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம். பிள்ளைகளைப் பார்த்து, வேண்டியவர்களை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றார். தலைவர் அவரை வாசலிலேயே நிறுத்திப் பலகையைக் காட்டினார். அந்த மிஸிக்குத் தமிழ் தெரியாது என்பதால் மலாயிலும் சொன்னார். யுனிவர்சிட்டி டாக்டரே வந்து பார்க்கிறார், நீங்கள் வேறு கம்பத்துக்குப் போங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஒரு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். மிஸியும் தன்னைவிடப் பெரிய கை ஒன்று பார்த்துக்கொள்கிறது என்று நினைத்திருப்பார். அதன் பிறகு அவர் வரவில்லை.

லோரிக்காரர் மனைவி ஒருநாள் லீவு போட்டுவிட்டு டாக்டர் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். மகளுக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி, பவுடர் போட்டுக் கூட்டிவந்திருந்தாள்.

"டாக்டர், எம்பொண்ணு பேசவே மாட்டேங்குறா. கொஞ்சம் பாருங்க டாக்டர்."

டாக்டர் அம்மா குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தடவினார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

"வெக்கப்படுற பிள்ளை போல. சில பிள்ளையள் அப்பிடித்தான். பேசும், பேசும்."

அவ்வளவுதான். யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தாலும் நாம் எல்லோரும் சொல்கிற ஆறுதல் அது. ஆனால் அதைச் சொன்னவர் டாக்டர். அன்று சாயங்காலத்துக்குள் கம்பம் முழுக்கச் சேதி பரவியது: டாக்டர் பார்த்துவிட்டார், வெறும் வெட்கம்தான். அவள் அம்மா அதற்கு முன்பு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே போயிற்று.

நீ கவனிக்கவில்லையா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கூப்பிட்டால் அவள் வருவாள். ஏனென்றால் மற்ற பிள்ளைகள் வருவதை அவள் பார்ப்பாள். உட்கார் என்றால் எல்லோருக்கும் முன்னால் உட்காருவாள். ஏனென்றால் நான் கையைக் காட்டியிருப்பேன். இருக்கிற பிள்ளைகளிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவள்தான் என்று நான் நினைத்திருந்தேன். தொட்டில் நிறைய அழுகையும் பாய் நிறையப் பிள்ளைகளுமாக ஒருத்தியாக நின்று பார்த்துவிட்டு வந்து அப்புறம் அந்தக் கேள்வியை என்னிடம் கேளுங்கள்.

மூன்றாவது தடவை டாக்டர் அம்மா வரவில்லை. அந்த மலாய்ப் பெண் மட்டும் வந்தாள். லோரிக்காரர் மகளை எதிரே உட்காரவைத்துக் கட்டைகளைக் கொடுத்தாள். பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மளமளவென்று கோபுரம் கட்டினாள். அப்போது ஒரு பொடிசு அலமாரியைப் பிடித்து இழுக்க, பிஸ்கட் டின் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. தொட்டிலில் தூங்கின குழந்தையெல்லாம் வீரிட்டு எழுந்தது. இவள் திரும்பவில்லை. அடுத்த கட்டையை எடுத்து மேலே வைத்தாள்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினாள். பிறகு இன்னும் பலமாகத் தட்டினாள். தன் வீட்டில் காது கேளாத ஒரு தங்கை உண்டு என்று பிறகுதான் சொன்னாள்.

"காக்," என்றாள். மலாயில் அக்கா என்பதற்கு அதுதான் சொல். "இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை."

எனக்குத் தெரிந்த மலாயில் நான் சொன்னேன்: "அப்படியானால் இன்றைக்கே டாக்டரிடம் சொல். நாங்கள்தான் உங்கள் கவாலான் ஆயிற்றே."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். கவாலான் என்றால் நான் என்ன நினைத்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல மெதுவாக விளக்கினாள். ஆராய்ச்சியில் ஒரு இடத்துக்கு எல்லாவற்றையும் கொடுப்பார்கள். இன்னொரு இடத்துக்கு ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் கொடுக்காத இடத்துக்குத்தான் கவாலான் என்று பெயர்; இங்கிலீஷில் கண்ட்ரோல்.

"கொடுத்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும், காக்," என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. இதில் அழ வேண்டிய முறை எங்களுடையது. அன்று கட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட நான் அவளுக்கு உதவவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது. பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"காது கேக்கலன்னா, அந்த டாக்டரு ஏன் வெக்கம்னு சொன்னாங்க?"

"அவங்க வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லம்மா. படிச்சு வாங்குன டாக்டர்."

அவளுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் அழவில்லை. மகளின் காதை இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏதோ அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பிள்ளையின் தலையில் ஒரு கருவியை மாட்டி நெடுநேரம் பார்த்தார்கள். டாக்டர் இளவயசுத் தமிழ்ப் பையன், ஒளிக்காமல் பேசினான். காய்ச்சலில் காது நரம்பு கெட்டுவிட்டது. மிஷின் மாட்டினால் கொஞ்சம் சத்தம் கேட்கும். ஆனால் பேச்சு பழகுகிற வயசு ஓடிவிட்டது.

"மூணு வயசுல கொண்டாந்திருந்தா கதையே வேற, ஆன்டி."

"அம்மான்னு ஒரு வார்த்தையாச்சும் வருமா டாக்டர்?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

முயற்சி செய்தார்கள். வரவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துப் பிடித்து உங்களை ஏங்கவைக்க எனக்கு மனமில்லை. இன்று அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. அம்மாவை அவள் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினோம். இறங்க வைத்தது நான். எனக்கு ஆத்திரம். எல்லாம் கொடுத்த அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் கிள்ளான் பஸ் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் விசாரித்துக்கொண்டு போனோம். எங்களுடையதைப் போலவே ஒரு பொது மண்டபம்தான். ஆனால் உள்ளே போனதும் கண் கூசியது. பிள்ளைகள் உயரத்துக்கு நாற்காலிகள், கைக்கு எட்டுகிற தட்டுகளில் கட்டைகள், மணல் நிரப்பிய தொட்டி, தண்ணீர் விளையாட அகலமான பேசின் எல்லாம் இருந்தன. டீச்சர்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையோடும் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓயாமல் பேசின. தமிழும் மலாயும் இங்கிலீஷும் கலந்து ஒரே இரைச்சல். நான் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

டாக்டர் அம்மா அங்கேதான் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, வாங்கோ என்று நாற்காலி எடுத்துப் போட்டார். லோரிக்காரர் மகள் நேராகத் தண்ணீர்ப் பேசினுக்குப் போய்விட்டாள். அங்கிருந்த ஒரு குட்டிப்பெண் அவளிடம் உன் பேர் என்ன, உன் பேர் என்ன என்று கேட்டபடி இருந்தாள். இவள் சிரித்துவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீரை அவளிடம் நீட்டினாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டம், கைதட்டல், பலகை, வெட்கம், ஆஸ்பத்திரி, ஒன்று விடவில்லை. டாக்டர் அம்மா சாக்கு எதுவும் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இங்க முதல் மாசமே எல்லாப் பிள்ளையளின்ர காதும் கண்ணும் பாத்தனாங்கள்," என்றார். "அது திட்டத்தில இருந்தது. உங்கட இடத்தில..."

"எங்க எடத்துல பாத்தா என்ன டாக்டர் கொறஞ்சிரும்?"

"அங்கயும் குடுத்தா வித்தியாசம் தெரியாது அக்கா. ரெண்டு இடத்தையும் பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் இதெல்லாம் பிள்ளையளுக்குப் பிரயோசனமோ எண்டு தெரியும். தெரிஞ்சாத்தான் நாளைக்கு எல்லா இடத்துக்கும் கேக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

அதுவரை லோரிக்காரர் மனைவி நாற்காலியில் உட்காராமல், பேசின் பக்கம் மகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். இப்போது திரும்பினாள்.

"இப்ப தெரிஞ்சிருச்சாங்க, டாக்டர்?"

குரலில் கோபமில்லை, குத்தலில்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டாக்டர் அம்மா அந்த மண்டபத்தின் இரைச்சலையும் அதன் நடுவில் சத்தமில்லாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளையையும் பார்த்தார்.

"ஓம்," என்றார். "நல்லாத் தெரிஞ்சிட்டுது."

"அப்ப சரி," என்றாள் அவள். போய் மகளின் ஈரக் கைகளைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.